கட்டுண்ட பகைவனும் காவலன் அறமும்

1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் மூவண்ணக் கொடி ஏறிய நாள் அது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களில் வாழும் நம் மூத்தோர் சிலர்க்கு அந்நாளின் மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கலாம். அங்கே ஆட்சி மாற்றம் உடன்படிக்கையால் நிகழ்ந்தது. அதே நாளில், மத்தியதரைக் கடலின் தென்கரையில் உள்ள அல்ஜீரியாவில், அதே பிரெஞ்சு அரசுக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அப்போரில் இலட்சக்கணக்கான உயிர்கள் மாண்டன. அப்போரின் நடுவே ஒரு வினாவும் எழுந்தது. பகைவன் என ஐயுற்றுப் பிடித்த ஒருவனை, பிறர் உயிரைக் காக்கும் பொருட்டு, ஓர் அரசு வதைக்கலாமா என்பதே அது.

அகிம்சையைப் பரம தருமமாகப் போற்றும் நமக்கு இதில் ஐயம் ஏன் என்று சிலர் கேட்கலாம். ஆனால் நம் அறநூல்கள் உலகியலை அறியாதவை அல்ல. துறவியர்க்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் வகுத்த ஆன்றோர், இம்சையை நான்காகப் பிரித்துக் காட்டினர். மனத்தில் துணிந்து வேண்டுமென்றே செய்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வரும் பகைவனைத் தடுக்கும்போது நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். நாடு காக்கும் மன்னனுக்கும் படைத்தலைவனுக்கும் நம் சமயத்தில் இடம் இருந்தமைக்கு இதுவே காரணம். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர் கங்க நாட்டின் படைத்தலைவர் அல்லரோ?

ஆகவே வதையை ஆதரிப்போர் நம்மிடமும் வந்து வாதிடலாம். "நகரில் எங்கோ ஒரு குண்டு வைக்கப்பட்டுள்ளது, அதை வைத்தவன் நம் கையில் இருக்கிறான், அவன் வாய் திறந்தால் நூறு பேர் பிழைப்பர். அவனை வருத்துவது விரோத இம்சைதானே? அது காவலன் கடமை அன்றோ?" என்று அவர்கள் கேட்பர். இவ்வாதத்தை ஏட்டில் வைத்து ஆராய்வதைவிட, அது மெய்யாகவே எழுந்த ஓர் ஊரில் என்ன நிகழ்ந்தது என்று காண்பது நலம்.

அல்ஜியர்ஸ் நகரில்

அல்ஜீரியா 1830 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஏறத்தாழ 90 இலட்சம் முஸ்லிம் மக்களிடையே சுமார் 10 இலட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் வாழ்ந்தனர். நிலமும் உரிமையும் பெரும்பாலும் சிறுபான்மையினர் கையில் இருந்தன. விடுதலை முன்னணியினர் தொடங்கிய போரும் தூய கரங்களால் நடத்தப்பட்டதன்று. 1956 செப்டம்பர் 30 அன்று தலைநகரான அல்ஜியர்சில் மக்கள் கூடும் சிற்றுண்டிச் சாலைகளில் அவர்கள் வைத்த குண்டுகள் வெடித்தன. பெண்டிரும் இளையோரும் உயிரையும் கைகால்களையும் இழந்தனர். அதற்குச் சில வாரங்கள் முன்னர், முஸ்லிம் மக்கள் வாழும் கஸ்பா பகுதியில் ஐரோப்பியத் தீவிரவாதிகள் வைத்த குண்டு பலரைக் கொன்றிருந்தது. அச்சம் இரு பக்கத்து வீடுகளிலும் குடிபுகுந்தது.

1957 சனவரியில், அமைச்சர் ரொபேர் லகோஸ்த் நகரின் காவல் அதிகாரம் முழுவதையும் ஜெனரல் ஜாக் மஸ்ஸுவிடம் ஒப்படைத்தார். மஸ்ஸுவின் வான்குடைப் படையினர் இரவில் வீடு புகுந்து ஐயத்திற்குரியோரைக் கொண்டு சென்றனர். தொலைபேசிக்கு மின்விசை தரும் சிறு பொறியின் கம்பிகளைக் கைதியின் உடலில் பொருத்தினர். நீரில் முகத்தை அமிழ்த்தினர். கைகளைக் கட்டித் தொங்கவிட்டனர். நீர் வேட்கையால் வாட்டினர். குற்றம் செய்தோர், செய்யாதோர், செய்தோரின் உறவினர், பெயர் மாறிப் பிடிபட்டோர் என எல்லோரும் அந்த அறைகளுக்குள் சென்றனர். ஐயம் என்பது தீர்ப்பு அன்று. ஐயத்தின் பேரில் வதை தொடங்கினால் குற்றமற்றவனும் அதில் அகப்படுவது உறுதி.

இதைச் செய்தது எந்த நாடு என்பதை எண்ண வேண்டும். பழைய பிரெஞ்சு நீதிமன்றங்களில் குற்றவாளியை வதைத்து வாக்குமூலம் பெறும் முறை சட்டப்படியே இருந்தது. அதற்கு 'வினா' என்றே பெயர். பதினாறாம் லூயி மன்னர் 1780-இலும் 1788-இலும் அம்முறையை நீக்கினார். 1789-இல் வெளியான மனித உரிமைப் பறைசாற்றின் ஒன்பதாம் பிரிவு, குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் குற்றமற்றவரே என்றும், ஒருவரைக் காவலில் வைக்கத் தேவைக்கு மிஞ்சிய கடுமை காட்டுவதைச் சட்டம் ஒடுக்க வேண்டும் என்றும் விதித்தது. உலகிற்கு இவ்வறத்தை ஓதிய நாடே, 170 ஆண்டுகளுக்குள் தன் கைதிகளைக் கட்டித் தொங்கவிட்டது. நல்ல சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அச்சம் மிகும்போது அதைக் காத்து நிற்கும் மனிதர் வேண்டும்.

நடுங்கிய ஒரு மாலைப் பொழுது

அத்தகைய மனிதர் ஒருவர் அந்நகரில் இருந்தார். பெயர் போல் டெட்ஜன். அல்ஜியர்ஸ் மாவட்ட ஆட்சியகத்தில் காவல்துறைப் பொதுச் செயலாளராகப் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை எதிர்த்த மறைமுக இயக்கத்தில் இருந்தபோது, நாஜி இரகசியப் போலீசார் இவரை நான்சி நகரில் வதைத்து, பின் டாக்கௌ முகாமுக்கு அனுப்பினர். வதை என்பது இவருக்கு நூலறிவு அன்று, உடலறிவு.

1956 நவம்பரில், ஃபெர்னான் இவெத்தோன் என்ற தொழிலாளி எரிவாயு ஆலையில் குண்டு வைத்தபோது பிடிபட்டார். அக்குண்டு வெடிக்குமுன் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் இரண்டாவது குண்டு ஒன்று வேறெங்கோ இருப்பதாகத் தெரிந்தது. காவல் அதிகாரி டெட்ஜனிடம் வந்து, இவெத்தோனை வதைத்து இடத்தை அறிய இசைவு கேட்டார். மேற்சொன்ன வாதத்தில் வரும் நிலை அப்படியே கண்முன் நின்றது. குண்டு உண்டு; கைதி உண்டு; நேரம் இல்லை.

டெட்ஜன் இசையவில்லை. அன்று பிற்பகல் முழுதும் தாம் நடுங்கியபடி இருந்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். இறுதியில் அந்த இரண்டாம் குண்டு வெடிக்கவில்லை. அது வெடித்திருந்தால் அவருடைய பெயரை உலகம் எப்படிப் பேசியிருக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஒருமுறை அந்த வாயிலைத் திறந்தால் திரும்ப மூட இயலாது என்பதே அவர் துணிபு. ஆயினும் அவருடைய மறுப்பு கைதியை முழுவதும் காக்கவில்லை. காவலர் தம்மை வதைத்தனர் என்று இவெத்தோன் கூறினார். அவர் வைத்த குண்டால் ஓருயிரும் போகவில்லை. எனினும் 1957 பிப்ரவரி 11 அன்று அவருடைய தலை கொய்யப்பட்டது.

டெட்ஜனுக்கு வேறொரு துயரமும் நேர்ந்தது. இராணுவம் பிடித்துச் சென்றவர்களைக் காவலில் வைக்கும் ஆணைகள் அவருடைய கையொப்பத்துக்கு வந்தன. எவரும் கணக்கின்றி மறைந்துவிடக் கூடாது என்று எண்ணி அவர் ஒவ்வொன்றையும் பதிவு செய்தார். ஆனால் முகாமிலும் சிறையிலும் உள்ளவர்களைப் பதிவோடு ஒப்பிட்டபோது பலர் எங்கும் இல்லை. அவர் கணக்கிட்டபடி அவ்வாறு மறைந்தோர் 3,024 பேர். 1957 மார்ச்சில் அவர் லகோஸ்துக்குப் பணி விலகல் கடிதம் எழுதினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான்சி நகரில் தாம் பட்ட வதையின் அதே தழும்புகளைக் கைதிகளின் உடலில் தாம் கண்டதாக அதில் தெரிவித்தார். அவர் எவரையும் தொட்டவர் அல்லர். எனினும் தம் கையொப்பம் எதற்குப் பயன்பட்டது என்பதை அவர் மனம் மன்னிக்கவில்லை.

நூற்றெட்டு வாயில்கள்

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தை ஓதியவர்க்கு டெட்ஜனின் துயரம் நன்கு விளங்கும். வினை வந்து சேரும் வழிகளை அங்கு ஆசாரியர் எண்ணிக் காட்டுகிறார். எண்ணித் துணிதல், அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல், செய்யத் தொடங்குதல் என்பன மூன்று. மனம், மொழி, மெய் மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கசாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 ஆகும். நம் செபமாலையின் மணிகள் 108 என்பதற்கு இதையே காரணமாகப் பெரியோர் கூறுவர்.

அரசு நடத்தும் வதையில் இந்த நூற்றெட்டு வாயில்களும் திறந்திருக்கின்றன. கம்பியைப் பொருத்துபவன் செய்பவன். ஆணை பிறப்பிக்கும் தளபதி செய்விப்பவர். சிறப்பு அதிகாரங்களை வாக்களித்து வழங்கிய நாடாளுமன்றத்தார், செய்தியைப் படித்தும் பக்கத்தைப் புரட்டிய குடிமக்கள் ஆகியோர் உடன்படுபவர். தனி மனிதன் செய்யும் கொலை அவனோடு நிற்கிறது. அரசு செய்யும் வதையோ அதன் கொடியின் கீழ் வாழும் அனைவர் பெயராலும் செய்யப்படுகிறது.

உடன்பட மறுத்த படைவீரரும் இருந்தனர். ஜெனரல் ஜாக் பாரிஸ் தெ பொலார்தியேர் உலகப் போரிலும் இந்தோசீனப் போரிலும் புகழ்பெற்ற வீரர். மஸ்ஸுவின் முறைகளை ஏற்க மறுத்து, 1957 மார்ச்சில் தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு வேண்டினார். தம் கருத்தை வெளிப்படையாகத் தெரிவித்தமைக்காக 60 நாள் கோட்டைக் காவல் என்னும் தண்டனை பெற்றார். பின்னாளில் அவர் அறவழிப் போராளியாக மாறினார். 1973-இல் பசிபிக் கடலில் பிரெஞ்சு அணுகுண்டுச் சோதனையை எதிர்த்துக் கப்பலேறியோரில் அவரும் ஒருவர். வாளேந்திய கை இறுதியில் அகிம்சையில் வந்து அமைந்தது.

திரும்பி வராத கணித ஆசிரியர்

1957 சூன் 11 இரவில் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தின் இளம் கணித ஆசிரியர் மொரிஸ் ஒதான் தம் வீட்டில் கைது செய்யப்பட்டார். வயது 25. மனைவியும் மூன்று குழந்தைகளும் உடனிருந்தனர். விடுதலை இயக்கத்துக்கு ஆதரவான பொதுவுடைமைக் கட்சியினர் என்பதே அவர் மீதிருந்த ஐயம். மறுநாள் அவ்வீட்டிற்கு வந்த இதழாசிரியர் ஆன்ரி அலெக்கும் பிடிபட்டார். அலெக் ஒரு மாத காலம் வதைக்கப்பட்டும் தமக்கு அடைக்கலம் தந்தோர் பெயரைச் சொல்லவில்லை. சிறையிலிருந்து மறைவாக அனுப்பிய தாள்களில் தாம் பட்டதை எழுதினார். அது 1958-இல் நூலாக வெளிவந்தது. அந்நூலின் தலைப்பு பழைய வதைமுறையின் பெயரே: 'வினா'. சில வாரங்களில் அரசு அதைப் பறிமுதல் செய்தது. ஒதான் திரும்பி வரவே இல்லை. காவலிலிருந்து தப்பியோடிவிட்டார் என்று இராணுவம் கூறியது. அவ்வாண்டு டிசம்பரில், பாரிஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை, அவர் இல்லாமலேயே அரங்கேற்றிப் பட்டம் அளித்தனர்.

வெற்றி என்னும் வாதம்

வதையால் பயன் விளைந்ததே என்பார் உளர். 1957 இறுதிக்குள் அல்ஜியர்சில் குண்டு வைத்தோரின் கட்டமைப்பு உடைந்தது மெய். தெருக்களில் சில காலம் அமைதி நிலவியதும் மெய். இதை மறைத்துப் பேசுவது சத்திய விரதத்திற்கு இழுக்கு. ஆனால் அந்த அமைதியின் விலையையும் கணக்கிட வேண்டும். வதைபட்ட ஒவ்வொருவரின் குடும்பமும் பகைவர் பக்கம் சேர்ந்தது. 1960 டிசம்பரில் அதே நகரின் முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி விடுதலை கேட்டனர். சட்டத்திற்கு மேல் நிற்கப் பழகிய படைத்தலைவர்கள் 1958-இல் பாரிஸ் அரசையே வீழ்த்தத் துணைநின்றனர். 1961-இல் மீண்டும் கிளர்ந்தனர். முடிவில் வதை, ஐரோப்பியத் தீவிரவாதிகள் மீதும் பாய்ந்தது. 1962 சூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. எந்த நாட்டைக் கைவிடாதிருக்கத் தன் அறத்தைக் கைவிட்டதோ, அந்த நாட்டையும் பிரான்ஸ் இழந்தது.

மஸ்ஸுவே 2000-ஆம் ஆண்டில், தம் 92-ஆம் வயதில், வதை இன்றியமையாதது அன்று என்றும், அது இல்லாமலே செய்திருக்க முடியும் என்றும் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். அவருக்குக் கீழ் பணியாற்றிய போல் ஒசரெஸ் என்ற அதிகாரியோ, தாம் வதைத்ததையும் கொன்றதையும் 2001-இல் வருத்தமின்றி நூலாக எழுதினார். பொதுமன்னிப்புச் சட்டங்களின் காரணமாக அச்செயல்களுக்காக அவர் தண்டிக்கப்படவில்லை.

எனினும் பயனைக் கொண்டு மட்டும் இவ்வழக்கைத் தீர்ப்பது நமக்குப் பொருந்தாது. ஒருவேளை அது முழுப் பயன் தந்திருந்தால் என்ன சொல்வோம்? இங்குதான் நம் ஆன்றோர் வகுத்த பிரிவு துணை செய்கிறது. விரோத இம்சை என்பது தாக்க வருபவனைத் தடுப்பது. கட்டுண்டு நிற்பவன் தாக்க வருபவன் அல்லன். அவன் கை பிணிக்கப்பட்ட அந்த நொடியிலேயே அவன் பகைமையின் வலிமை ஒழிந்தது. அதன் பின் அவன்மீது செய்யும் ஒவ்வொரு செயலும் எண்ணித் துணிந்து, கருவி தேடி, காலம் பார்த்துச் செய்வது. அது சங்கற்ப இம்சை. அதற்கு இல்லறத்தானுக்கும் விலக்கில்லை, அரசனுக்கும் இல்லை.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தையும் நினைவு கொள்வோம். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. நம் வீட்டு மாட்டுக்கும் பணியாளருக்கும் இவற்றைச் செய்யலாகாது என்று சிறுவயதில் கேட்டிருப்போம். அல்ஜியர்சின் இருட்டறைகளில் நடந்தவற்றை இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வதைக்கூடத்தின் முறைகள் பெரும்பாலும் இந்த ஐந்தனுள் அடங்கும். தன் ஆளுகைக்கு உட்பட்டு, தப்பிச் செல்ல இயலாத உயிரின்மீது செய்யும் கொடுமைகளையே ஆசாரியர் ஒருங்கு சேர்த்தார். கட்டுண்ட பகைவனும் அத்தகைய உயிரே.

பாகுபலியின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். படைகள் மோதாது உடன்பிறந்தார் இருவர் மட்டும் பொருத அப்போரில், மற்போரின் முடிவில் பரதன் பாகுபலியின் கைகளில் அகப்பட்டான். தூக்கிய பகைவனைத் தரையில் மோதும் வலிமை பாகுபலிக்கு இருந்தது. அவர் மோதவில்லை, மதிப்போடு இறக்கிவிட்டார். பின்னர் அரசையும் துறந்தார். பகைவன் எதிரே நிற்கும்போது வெளிப்படுவது வீரம். அவன் கைக்குள் அகப்பட்ட பின்னரே ஒருவனுடைய அறம் வெளிப்படுகிறது.

நம் பங்கு

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டா. நம் சட்டமும் இந்த அறத்தை அறியும். காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்திற்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது 1872 முதல் நம் சாட்சியச் சட்டத்தின் விதி. ஆனால் பயங்கரவாதத்தை ஒடுக்க 1987-இலும் 2002-இலும் இயற்றிய சட்டங்கள், உயர் காவல் அதிகாரி முன் அளித்த வாக்குமூலத்தை ஏற்க இடம் தந்தன. அவை இரண்டும் இப்போது நடைமுறையில் இல்லை. வதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட நம் நாடு, அதை இன்னும் உறுதி செய்யவில்லை. கொடுஞ்செயல் ஒன்று நிகழ்ந்து நெஞ்சம் கொதிக்கும் நாளில், பிடிபட்டவனை அடித்தே உண்மையை வாங்க வேண்டும் என்று நம் வீட்டுக் கூடத்திலும் யாரேனும் சொல்வதுண்டு. அச்சொல்லுக்கு நாம் தலையசைக்கும்போது, நூற்றெட்டு வாயில்களுள் ஒன்று நம் வீட்டிலும் திறக்கிறது.

ஒதானின் மனைவி ஜோசெத் 61 ஆண்டுகள் உண்மையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 செப்டம்பர் 13 அன்று, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன் அவருடைய இல்லத்திற்கே சென்றார். ஒதான் இராணுவத்தினரின் வதையால் மாண்டார், அல்லது வதைத்தபின் கொல்லப்பட்டார் என்றும், அதற்கு இடமளித்த முறைக்கு அரசே பொறுப்பு என்றும் ஒப்புக்கொண்டார். 87 வயதான அம்மையாரிடம் மன்னிப்பும் வேண்டினார். சில மாதங்களில் அவரும் காலமானார்.

நாம் நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் நம் குற்றங்களை நாமே எடுத்துரைத்து வருந்துகிறோம். எவரும் நம்மை அடிப்பதில்லை, கட்டுவதுமில்லை. தானே முன்வந்து உரைப்பதே மெய்யான ஒப்புதல் என்பதை நம் சமயம் அறிந்திருக்கிறது. வதைத்துப் பெறும் வாக்குமூலத்தில் இருப்பது வதைப்பவன் கேட்க விரும்பிய சொல்லே. ஒரு பேரரசு 61 ஆண்டுகள் கழித்தேனும் தன் குற்றத்தைத் தானே உரைத்தபோதுதான், அந்த வீட்டில் உண்மை ஒலித்தது.

எல்லா உயிர்க்கும் இன்பமே விருப்பம், துன்பம் வெறுப்பு. நம் பெயரால் எவ்வுயிரும் வதைபடாதிருக்க, செய்யாமையும் செய்வியாமையும் உடன்படாமையும் ஆகிய மூன்றையும் இந்நன்னாளில் மனமொழிமெய்களால் உறுதி கொள்வோமாக.